சாணிக் கூடை முதல் வேம்பு யூரியா வரை: மெதுவா கரையும் உரத்தோட வரலாறு

இந்த எபிசோடுக்குக் காரணம் நம்ம நேயர்கள் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி. "ஆன்லைன்ல கலர் கலரா உருண்டை உரம் விக்குது. ஒரு தடவை போட்டா ஆறு மாசம் மெதுவா கரையும்னு போட்டிருக்கு. வீட்டு எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் வாங்கலாமா?"

நான் சாஃப்ட்வேர் ஆளு, விவசாயி இல்ல. அதனால வாங்கலாமா வேண்டாமான்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்த "மெதுவா"ங்கிற யோசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடி போய்ப் பார்த்தேன். ஜெர்மனி, இங்கிலாந்து, கோயம்புத்தூர், டெல்லின்னு கதை சுத்திச் சுத்திப் போகுது. ஆனா நாம நம்ம இருக்கன்குடியிலேர்ந்தே ஆரம்பிக்கலாம்.

கூடையில இருந்தது என்ன?

இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கதை நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும். அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேர்ற இடம். அங்கே சாணி பொறுக்க வந்த ஒரு பொண்ணு கூடையை இறக்கி வெச்சா, திரும்பத் தூக்க முடியலை. அந்த இடத்துல மண்ணுக்குள்ள அம்மன் சிலை இருந்துச்சுங்கிறது தல வரலாறு.

பக்தியோட கேக்குறவங்களுக்கு அந்தக் கதையில அம்மன்தான் முக்கியம். வரலாறு படிக்கிறவனுக்கு அந்தக் கூடையும் முக்கியம். வெயில்ல ஆத்தோரமா அலைஞ்சு ஒரு பொண்ணு சாணி பொறுக்குறான்னா, அந்தச் சாணிக்கு ஒரு விலை இருந்திருக்கணும். ஒண்ணு, வரட்டி தட்டி அடுப்பெரிக்கலாம். இல்லைன்னா குப்பைக்குழியில போட்டு மக்க வெச்சு, கோடையில வண்டி கட்டி நிலத்துக்கு அடிக்கலாம். ரெண்டுல ஒண்ணுதான் முடியும். எரிச்சா மண்ணுக்கு இல்ல, மண்ணுக்குப் போட்டா அடுப்புக்கு இல்ல.

சாணியோட சேர்த்து நம்ம கரிசல்ல இன்னும் சில வழிகள் இருந்துச்சு. ஆட்டுக்கிடை போடுறது, கோடையில கண்மாய் வண்டல அள்ளி நிலத்துல பரப்புறது, செக்குல எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுற புண்ணாக்கை மரத்தடியில புதைக்கிறது. இது எல்லாத்துக்கும் ஒரு பொதுவான குணம் உண்டு. போட்ட அன்னைக்கே எதுவும் நடக்காது. மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமா சிதைச்சாத்தான் தழைச்சத்து வெளிய வரும். வாரங்கள் ஆகும், மாசங்கள் ஆகும். அந்தக் காலத்துல உரம்னாலே இப்படி மெதுவாத்தான் வேலை செய்யும், அதனால அதுக்குத் தனியா ஒரு பேரு தேவைப்படலை.

லீபிக் போட்ட முதல் உருண்டை

மெதுவா கரையணும்னே திட்டம் போட்டு ஒரு உரத்தைத் தயாரிச்ச ஆரம்ப ஆட்கள்ல ஒருத்தர், ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக். செடிக்கு என்னென்ன தாதுச்சத்து வேணும்னு 1840-ல புத்தகமே எழுதினவர். அவருக்கு ஒரு பயம் இருந்துச்சு: உரம் தண்ணியில சுலபமா கரைஞ்சா மழை அடிச்சுட்டுப் போயிடுமே? அதனால மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் சுண்ணாம்போட சேர்த்து உருக்கி, சுலபத்துல கரையாத ஒரு உரத்துக்கு 1845-ல காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்துல மஸ்பிராட்டுங்கிற தொழிலதிபர் தயாரிச்சு வித்தார்.

படுதோல்வி. உரம் மழையில கரையலைதான், ஆனா செடிக்காகவும் கரையலை. வயல்ல கல்லு மாதிரி கிடந்துச்சு.

அவரோட பயமே பாதி தப்புன்னு அஞ்சு வருஷத்துல தெரிஞ்சுது. இங்கிலாந்துல அரசு வேளாண் சங்கத்தோட ஆலோசனை வேதியியலாளரா இருந்த ஜான் தாமஸ் வே, 1850-ல ஒரு கட்டுரை வெளியிட்டார். அம்மோனியா கலந்த தண்ணியை மண்ணு வழியா வடிச்சா, அம்மோனியா மண்ணுலயே நின்னுடுது, வெறும் தண்ணிதான் கீழ வருதுன்னு காட்டினார்.

இன்னைக்கு இதுக்குக் காரணம் தெரியும். களிமண் துகள் மேல எதிர்மின் சுமை இருக்கு. அம்மோனியத்துக்கு நேர்மின் சுமை. ரெண்டும் ஒட்டிக்கும். ஆனா மண்ணுல இருக்கிற சில பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டா மாத்திடும். நைட்ரேட்டுக்கு எதிர்மின் சுமை, களிமண்ணுல ஒட்டாது. தண்ணி எங்க போகுதோ அங்க அதுவும் போகும். கடைசியில கிணத்துக்கும் போகும்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: தழைச்சத்து அம்மோனியமா இருக்கிற வரைக்கும் மண்ணு பிடிச்சு வெச்சுக்கும், நைட்ரேட் ஆயிட்டா விட்டுடும். நம்ம கரிசல் களி அதிகம் உள்ள மண்ணு, இந்தப் பிடிச்சு வைக்கிற வேலையில கெட்டிக்காரன். பின்னாடி வேப்பம் புண்ணாக்கு கதை வரும்போது இது தேவைப்படும்.

வெளியூர் போன சத்து

ஜான் தாமஸ் வே இருந்த அதே பதவிக்குப் பிற்காலத்துல வந்தவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். பிரிட்டிஷ் அரசு இவரை 1889-ல இந்தியாவுக்கு அனுப்புச்சு. ஒரு வருஷத்துக்கு மேல நாடு முழுக்கச் சுத்திட்டு, இந்திய விவசாயத்தை மேம்படுத்துறது பத்தி 1893-ல அறிக்கை வெளியிட்டார்.

"இந்திய விவசாயிக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு எழுதிட்டுப் போயிருப்பார்னுதான் நாம எதிர்பார்ப்போம். அவர் அப்படி எழுதலை. பல இடங்கள்ல நம்ம ஆட்களோட வேலை நேர்த்தியைப் பாராட்டியிருக்கார். சாணியை எரிக்கிறது அறியாமையால இல்ல, விறகு இல்லாததால. விறகு கிடைக்கிற ஊர்ல சாணி நிலத்துக்குத்தான் போகுதுன்னு புரிஞ்சுக்கிட்டார். விறகுக்கும் தீவனத்துக்கும் தனியா காடு வளருங்கன்னு சொன்னார். இன்னொரு பக்கம், எண்ணெய் வித்தும் எலும்பும் கப்பல் ஏறிப் போறது மண்ணோட சத்தே வெளிய போற மாதிரின்னு கவலைப்பட்டார்.

எண்ணெய் ஆலையும் கடலை வியாபாரமும் பேரு வாங்கின விருதுநகரைச் சுத்தி வளர்ந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கடலையில எண்ணெய் எடுத்துட்டா தழைச்சத்து முழுக்கப் புண்ணாக்குலதான் நிக்கும். எண்ணெய் மட்டும் வெளியூர் போனா மண்ணுக்கு நஷ்டம் இல்ல. வித்தாவே போனா, அந்தப் புண்ணாக்கு மார்செய் மாதிரி ஏதோ ஒரு துறைமுகத்துல இருக்கிற மாட்டுக்கோ வயலுக்கோதான் போகும்.

1909

இந்தக் கதையில ரெண்டு முக்கியமான சம்பவம் ஒரே வருஷத்துல நடக்குது.

முதல் சம்பவம் கோயம்புத்தூர்ல. அங்கே வேளாண் கல்லூரியில ஒரு நிரந்தர உரப் பரிசோதனை ஆரம்பிச்சாங்க. 1843-லேர்ந்து இங்கிலாந்துல ராத்தம்ஸ்டெட் பண்ணையில நடக்கிற மாதிரியே, ஒவ்வொரு பாத்திக்கும் வருஷா வருஷம் அதே உரம்: ஒண்ணுக்கு வெறும் தழைச்சத்து, ஒண்ணுக்கு மூணு சத்தும், ஒண்ணுக்குத் தொழு உரம், ஒண்ணுக்கு எதுவுமே இல்ல. இன்னைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல நூறு வருஷம் தாண்டியும் அது தொடருது. அது சொன்ன பாடம் எந்தக் கட்சிக்கும் முழுசா சாதகமா இல்ல. வெறும் தழைச்சத்து மட்டும் போட்டா விளைச்சல் பின்தங்கும். மூணு சத்தையும் சரியா கொடுத்தா ரசாயன உரமும் நல்லாவே விளைவிக்கும். ஆனா மண்ணுல மக்கு சேரணும்னா தொழு உரம் வேணும்.

ரெண்டாவது சம்பவம் ஜெர்மனியில. ஃபிரிட்ஸ் ஹேபர், காத்துல இருக்கிற நைட்ரஜனை ஹைட்ரஜனோட சேர்த்து அம்மோனியா தயாரிச்சுக் காட்டினார். 1913-ல ஓப்பாவ்ல அதுக்குத் தொழிற்சாலையே வந்துடுச்சு. அடுத்த வருஷம் முதல் உலகப் போர். வயலுக்குப் போக வேண்டிய நைட்ரஜன் குண்டுக்குப் போச்சு.

உரமும் வெடியும் சொந்தக்காரங்கங்கிறதை சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. கருமருந்துல பெரும்பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அதே உப்புதான் உரக்கடையில 13-0-45னு பை போட்டு விக்குது. மா மரம் பூக்காம அடம் பிடிச்சா பிப்ரவரியில லிட்டருக்கு 10 கிராம் கரைச்சுத் தெளிக்கச் சொல்றது பல்கலைக்கழகப் பரிந்துரை. இந்த உத்தியைக் கண்டுபிடிச்சது பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி ரமோன் பார்பா. நைட்ரேட் வேகமான சரக்கு. இலை மேல பட்டதும் வேலை செய்யும். வேகம் தேவைப்படுற இடத்துல அது நல்லது. மண்ணுல போட்டு மாசக்கணக்குல நிக்கணும்னு எதிர்பார்த்தா ஏமாத்திடும். (ஒரு எச்சரிக்கை: செடிக்குன்னு விக்கிறதை மட்டும் வாங்குங்க. கம்பெனி மருந்தை மரத்துக்கிட்ட கொண்டுபோகாதீங்க.)

யூரியா ஏன் ஜெயிச்சது

சுதந்திரத்துக்கு அப்புறம் 1951-ல சிந்திரி, அப்புறம் 1960-கள்ல நெய்வேலி, 1975-ல நமக்குப் பக்கத்துலயே தூத்துக்குடி ஸ்பிக்னு உர ஆலைகள் வரிசையா வந்துச்சு. "ரசாயன உரம் வந்து நம்ம பாரம்பரியத்தைக் கெடுத்துடுச்சு"ன்னு ஒரு வரியில இதை முடிச்சுடுறாங்க. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆறு வயசு தாண்டின ஒரு எலுமிச்சை மரத்துக்கு வருஷத்துக்கு 600 கிராம் தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து, 300 கிராம் சாம்பல் சத்துன்னு பல்கலைக்கழகம் பரிந்துரைக்குது. அந்த 600 கிராம் தழைச்சத்தை மட்டும் எடுத்துக்கோங்க.

தொழு உரத்துல தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம். அப்போ 120 கிலோ வேணும்.

வேப்பம் புண்ணாக்குல சுமார் 5.2 சதவீதம். 11.5 கிலோ வேணும்.

யூரியாவுல 46 சதவீதம். 1.3 கிலோ போதும்.

120 கிலோங்கிறது எத்தனை கூடை, யார் தலையில ஏறும்? பெரும்பாலும் பொண்ணுங்க தலையில. ஒரு மரத்துக்கே இப்படின்னா ஒரு ஏக்கருக்கு யோசிச்சுப் பாருங்க. யூரியா ஜெயிச்சதுக்கு விளம்பரமும் மானியமும் காரணம்தான். ஆனா தலையிலேர்ந்து அந்தக் கூடையை இறக்கி வைச்சதும் ஒரு காரணம். அதைச் சொல்லாம பழைய முறையைப் புகழ்றது, கூடை தூக்காதவங்க பேசுற பேச்சு.

சரி, கூடை இறங்குச்சு. அதுக்கு என்ன விலை கொடுத்தோம்? யூரியா தண்ணி பட்டதும் கரையும், சில நாள்ல அம்மோனியம் ஆகும், அப்புறம் நைட்ரேட் ஆகும். மரம் அவ்வளவு வேகமா குடிக்காது. நெல்லுல போடுற தழைச்சத்துல பாதிக்கும் மேல பயிருக்குப் போய்ச் சேர்றதில்லைன்னு பல ஆய்வு சொல்லுது. மிச்சத்துல ஒரு பங்கு காத்துக்கு, ஒரு பங்கு நிலத்தடித் தண்ணிக்கு. குடிதண்ணியில லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டின தண்ணியில பால் கரைச்சுக் கொடுத்தா கைக்குழந்தைக்கு ரத்தத்துல ஆக்சிஜன் குறையுற ஆபத்து இருக்கு. தமிழ்நாட்டுல பல இடத்துக் கிணத்துத் தண்ணி இந்த அளவைத் தாண்டுது. எல்லாம் உரத்தால இல்ல, கழிவுநீருக்கும் பங்கு உண்டு. ஆனா மரத்துக்கும் கிணத்துக்கும் நடுவுல பத்தடிதான் இருக்கிற வீட்டுல இது வெறும் புள்ளிவிவரம் கிடையாது.

திரும்பவும் மெதுவா

வேகத்தைக் கண்டுபிடிச்சு ஐம்பது வருஷத்துல, அதே வேதியியலாளர்கள் வேகத்தைக் குறைக்க வழி தேட ஆரம்பிச்சாங்க. 1950-கள்ல அமெரிக்காவுல யூரியாவை ஃபார்மால்டிஹைடோட சேர்த்துக் கெட்டிப்படுத்தி வித்தாங்க. பிளைவுட் பசையோட நெருங்கின சொந்தம் அது. 1960-கள்ல அலபாமா மாநிலத்துல மசுல் ஷோல்ஸ்ங்கிற ஊர்ல, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் யூரியா மேல கந்தகம் பூசிப் பார்த்துச்சு. அந்த இடம் முதல் உலகப் போருக்கு வெடிமருந்து நைட்ரேட் தயாரிக்கக் கட்டின இடம். அதே காலத்துல கலிஃபோர்னியாவுல பிசின் பூசின ஆஸ்மோகோட் வந்துச்சு. நீங்க ஆன்லைன்ல பார்க்கிற கலர் உருண்டை எல்லாம் இதோட பேரன் பேத்திதான்.

லீபிக் கரையாத கல்லைச் செஞ்சார். இவங்க கரையுற உப்பையே எடுத்து, அதுக்கு ஒரு சட்டை போட்டாங்க. தண்ணி உள்ள போய், சத்து மெல்ல வெளிய கசியும்.

இந்தியாவுல வழி வேற மாதிரி போச்சு. 1971-ல டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல பெயின்ஸ், ராஜேந்திர பிரசாத், பாட்டியா மூணு பேரும், உள்நாட்டுப் பொருளை வெச்சு நெல்லுல தழைச்சத்து வீணாகுறதைக் குறைக்க முடியுமான்னு ஆராய்ஞ்சாங்க. வேம்புல இருக்கிற கசப்புப் பொருட்கள், அம்மோனியத்தை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியாவைக் கொஞ்ச நாள் மந்தமாக்குதுன்னு தெரிய வந்துச்சு. ஜான் தாமஸ் வே சொன்னதோட சேர்த்துப் பாருங்க: வேம்பு தழைச்சத்தை அம்மோனியமாவே வெச்சிருக்கு, அம்மோனியத்தைக் களிமண் பிடிச்சு வெச்சிருக்கு. தமிழ்நாட்டுல 5 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ராத்திரி வெச்சிருந்து போடுங்கன்னு நெல் விவசாயிகளுக்குப் பரிந்துரை வந்ததும் இந்த வழியிலதான்.

ஆனா ஆய்வகத்துலேர்ந்து மூட்டைக்கு வர 44 வருஷம் ஆச்சு. 2008-ல ஆலைகள் தங்கள் உற்பத்தியில 20 சதவீதம் வரைக்கும்தான் வேம்பு பூசலாம்னு வரம்பு. அப்புறம் 35. 2015-ல உள்நாட்டு யூரியா மொத்தமும் வேம்பு பூசணும்னு உத்தரவு. மானிய யூரியா பிளைவுட் கம்பெனி மாதிரி இடங்களுக்குத் திருட்டுத்தனமா போறதைத் தடுக்கிறதும் அதோட நோக்கம். 2023-ல கந்தகம் பூசின "யூரியா கோல்ட்" வந்துச்சு. அலபாமா யோசனைதான், அறுபது வருஷம் கழிச்சு.

இதுல பலர் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. வேம்பு பூசின யூரியா, கலர் உருண்டை மாதிரி மெதுவா கரையுற உரம் இல்ல. சட்டப்படி அதுல இருக்க வேண்டிய வேப்பெண்ணெய் குறைஞ்சது 0.035 சதவீதம். 45 கிலோ மூட்டைக்கு 16 கிராம் கணக்கு. தண்ணி ஊத்தினா சாதா யூரியா மாதிரிதான் கரையும். நைட்ரேட்டா மாறுற கட்டத்துலதான் கொஞ்சம் தாமதம். அதுவும் நம்ம கரிசல்ல கார அமிலத்தன்மை பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருக்கும். அந்த மண்ணுல யூரியாவை மேலாகத் தூவி விட்டா, அம்மோனியா வாயுவா காத்துல போயிடும். வேம்பு அதைத் தடுக்காது. மண்ணுக்குள்ள போட்டு மூடி, உடனே தண்ணி விட்டாத்தான் நிக்கும்.

அப்போ வாங்கலாமா?

மெதுவா விடுற உரம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கடிகாரம் இருக்கு. பிசின் உருண்டையோட கடிகாரம் சூட்டுல ஓடும். "ஆறு மாசம்"னு பாக்கெட்ல போட்டிருக்கிறது பொதுவா 21 டிகிரி மண்ணை வெச்சுப் போட்ட கணக்கு. சாத்தூர் மே மாச மண்ணுக்கு 21 டிகிரி என்னன்னே தெரியாது. அதைவிட ரொம்ப சீக்கிரம் தீர்ந்துடும். தொட்டிச் செடிக்கு வசதிதான். ஆனா தீர்ந்த பிறகு அந்தச் சட்டை பிளாஸ்டிக்கா மண்ணுலயே கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல கொண்டுவந்த உரச் சட்டம், அந்தப் பூச்சு மக்கக்கூடியதா மாறணும்னு 2026-ஐக் கெடுவா வெச்சுது.

புண்ணாக்கோட கடிகாரம் ஈரத்துல ஓடும். மண்ணு காஞ்சிருந்தா நுண்ணுயிர் வேலை செய்யாது, சத்து அப்படியே காத்திருக்கும். மழை பெய்ஞ்சா மரமும் துளிர் விடும், சத்தும் வெளிய வரும். மழையை நம்பியிருக்கிற ஊர்ல மரத்தோட நேரமும் உரத்தோட நேரமும் ஒத்துப்போறது இதுலதான்.

எங்க வீட்டு எலுமிச்சைக்கு அம்மாவும் நானும் போட்ட கணக்கு இது. வருஷத்துக்கு 30 கிலோ தொழு உரம், அதுல சுமார் 150 கிராம் தழைச்சத்து. 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அதுல சுமார் 208 கிராம். மிச்சத்துக்கு மார்ச்ல 260 கிராம், அக்டோபர்ல 260 கிராம் யூரியா. பல்கலைக்கழகம் தொழு உரத்தை இந்த 600-க்கு மேல தனியாத்தான் சொல்லுது. நாங்க விக்கிறதுக்கு வளர்க்கலை, அதனால அதையும் உள்ள சேர்த்துக்கிட்டோம். தண்டை ஒட்டிப் போடாம, கிளை நிழல் முடியுற இடத்துல வட்டமா பள்ளம் பறிச்சுப் போட்டு மூடி, அன்னைக்கே தண்ணி. கிணறு பக்கத்துல இருந்தா யூரியாவை இன்னும் சின்னச் சின்னத் தவணையா பிரிச்சுக்கோங்க.

இந்த ரெண்டு தவணை யூரியாவுக்கும் சேர்த்து மானிய விலையில மூணு ரூபா சொச்சம்தான் ஆகும். புண்ணாக்குக்கு அதைவிடப் பல மடங்கு செலவு. மானியம் யூரியா மூட்டைக்குத்தான் கொட்டிக் கிடக்கு, புண்ணாக்குக்கு இல்ல. 1893-ல வித்தும் எலும்பும் வெளிய போகுதேன்னு வோல்க்கர் கவலைப்பட்டார். இன்னைக்கு வேப்பங்கொட்டை நம்ம தெருவுலயே கொட்டிக் கிடந்து கால்ல மிதிபட்டுப் போகுது. ஆனி, ஆடியில அதைப் பொறுக்கிக் காய வெச்சு இடிச்சுப் போட்டாலே வீட்டு மரம் ரெண்டுக்குப் பாதிக் கணக்கு தேறும். கூடை சின்னதுதான், யார் வேணும்னாலும் தூக்கலாம்.

அடுத்த எபிசோட்ல கண்மாய் வண்டல் பத்திப் பேசுவோம். கேள்வி இருந்தா அனுப்புங்க.